நாலு கை உப்பு

“…அதனால இன்னைக்கு முழு உப்பையும் நானே போட்டுட்டேன். படையல் போடுற வரைக்கும் ஒருத்தரும் சட்டிக்கிட்ட வரக்கூடாது” என்று அப்பாயி, அப்பாவையும் அம்மாவையும் என்னையும் பார்த்துச் சொன்னார்.

‘அதனால’ என்றால் எதனால் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அம்மா தொடையில் கிள்ளினார். அன்று தாத்தா செத்த முப்பத்தோராம் நாள். சாவு வீட்டில் பிள்ளைகள் கேள்வி கேட்கக் கூடாது என்பது எங்கள் தோட்டத்து லய வீடுகளில் எழுதாத சட்டம். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற எனக்கு அந்த ஒரு மாதமும் பெரிய தண்டனை.

தாத்தா நிவித்திகலப் பக்கத்து றப்பர் மலையில் பால் வெட்டியவர். “அவரு கத்தி பட்ட மரத்துக்கு வலிக்காது” என்று சனம் சொல்லும். பட்டையை ஆழமாக வெட்டிவிட்டால் மரம் புண்ணாகிப்போகும். தாத்தாவின் மரங்களில் அப்படியொரு புண்ணைக் கங்காணி கடைசிவரை தேடினார், கிடைக்கவில்லை. அவ்வளவு அளவான கை. அந்தக் கை வீட்டில் செய்த வேலை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பாயி குழம்பு வைத்தால் உப்பு குறையும். தினமும் குறையும். மத்தியானம் பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்ததும் தாத்தா அடுப்படியில் குந்தி உள்ளங்கையை நீட்டுவார். அப்பாயி அகப்பையால் ஒரு சொட்டு விடுவார். நக்கிப் பார்த்து, “சரியா இருக்கு புள்ள” என்பார். அப்பாயி குடத்தோடு தண்ணீர்ப் பீலிக்குப் போய்விடுவார். உடனே தாத்தா உப்புச் சிரட்டையிலிருந்து மூன்று விரலால் அள்ளிச் சட்டியில் தூவிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்.

“உப்புப் போட்ட கைய ஊருக்குக் காட்டக்கூடாது தாயி.”

உப்பு குறைகிறது என்று நேராகவே சொன்னால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன்.

“சொன்னா அவ சரியாப் போட்டுருவாளே” என்றார். அது ஒரு பதிலா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாளில் அப்பாயி வைத்தது பிஞ்சுப் பலாக்காய்க் குழம்பு. கீழ் ஊர் சிங்களப் பெண்களிடம் கற்றுக்கொண்ட பக்குவம், தாத்தாவுக்கு உயிர். படையலுக்கு ஆக்கியதை, செத்தவருக்கு வைக்கும் முன் மனுச நாக்கு தொடக்கூடாது. ஆகவே ருசி பார்க்கவும் வழியில்லை. ‘முழு உப்பு’ என்று அப்பாயி சொன்னதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அவர் என்றைக்கு உப்புப் போடவில்லை என்று சொன்னார்? செத்த பிறகு தாத்தா சப்பென்ற குழம்பைச் சாப்பிட வேண்டுமா என்பதுதான் என் கவலை. அப்பாயி ரம்பை இலை பறிக்கப் பின்பக்கம் போனதும், சட்டி பெரிது என்பதால் ஒரு கை நிறைய அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டு வந்து, சாது போல உட்கார்ந்துகொண்டேன்.

படையல் முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. தாத்தாவின் கூட்டாளியான கீழ் ஊர் சிங்கள மாமா முதல் கவளத்தோடு கையை நிறுத்தினார். “லுணு டிக்கக் வெடி” என்று முனகினார். உப்பு கொஞ்சம் கூட என்று அர்த்தம். கொஞ்சம் என்று சொன்னது அவருடைய மரியாதை. பிறகு ஒரு செம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். பந்தி முழுக்க அதே கதை. பரிமாறிக்கொண்டிருந்த அப்பா வியர்த்துப்போய் அம்மாவிடம் வந்தார்.

“நான் ஒரு கைதான் போட்டேன்.”

“நீங்களுமா?” என்றார் அம்மா.

இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் கையைப் பின்னால் மறைத்தேன். கிசுகிசுத்துக் கேட்டதில் தெரிந்தது: தாத்தா அப்பாவிடம் கண் சிமிட்டியது அப்பா அரைக்கால் சட்டை போட்ட காலத்தில். அம்மாவிடம், அவர் கல்யாணமாகி வந்த வாரத்தில். மூன்று பேரும் ஒரே ரகசியத்தைத் தனித்தனியே பொத்தி வைத்திருந்திருக்கிறோம்.

இனி அந்தக் குழம்பு அப்பாயி வாயில் படக்கூடாது. பட்டால், இத்தனை வருசமும் தன் கைப்பக்குவத்தைத் திருத்தித்தான் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துபோகும். அதுவும் புருசனைப் பறிகொடுத்த முப்பத்தோராம் நாளில். கடைசிப் பந்தியில் அவர் வந்து உட்கார்ந்ததும் அப்பா முந்திக்கொண்டார்.

“கொழம்பு தீந்துபோச்சும்மா. பருப்பு ஊத்திக்கங்க.”

“தீந்துபோன சட்டிய ஏன்டா கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிற?”

ஊற்ற வேண்டியதாயிற்று. அப்பாயி பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

“அப்ப, ஒங்க மூணு பேருக்கும் கண்ணச் சிமிட்டிட்டுத்தான் போயிருக்காரு அந்த மனுசன்” என்றார். “அவரு போடட்டும்னுதானே நாப்பது வருசமும் அர உப்போட எறக்கினேன். இன்னைக்கு அவரு இல்ல, முழுசாப் போட்டுட்டேன்னு சொன்னேனா இல்லியா?”

அப்பா சட்டியைக் கீழே வைத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. எனக்குக் குழப்பம்தான் மிஞ்சியது. தெரிந்துகொண்டே ஒருவர் குறைத்துப் போட, தெரியாதது போல இன்னொருவர் ஒளிந்து தூவ, எதற்கு இந்தச் சுற்றுவழி? ஒரு வார்த்தை பேசியிருந்தால் முதல் வாரத்திலேயே தீர்ந்திருக்குமே. இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

“கொழம்பக் கொட்டிறவா அப்பாயி?” என்று கேட்டேன்.

அப்பாயி இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். பிறகு இலையை என் பக்கம் தள்ளி, இன்னொரு அகப்பை ஊற்றச் சொல்லிச் சட்டியைக் காட்டினார்.