கனடாப் பனியும் மேல்மாடிச் சாவியும்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன், சிலது மறந்தும் போகிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் மட்டும் மறக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் குறுகிய ஒழுங்கைத் தெருவின் பள்ளமான முனையில் வீடு. கீழே நான் தனியாக இருந்தேன். மேலே இரண்டு அறையும் ஒரு கூடமும் பூட்டிக் கிடந்தன. கனடாவில் இருக்கும் என் மகன் குடும்பத்தோடு வந்தால் தங்குவதற்கு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார்கள், இரண்டு கிழமை, பதினாலு நாள், நிற்பார்கள். சோபாவுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருக்கும். மெத்தையில் பொலித்தீன் கூடக் கழற்றவில்லை. சாவி வெள்ளவத்தையில், மருமகளின் அக்காவிடம். மாதம் ஒருநாள் வந்து தூசி தட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போவாள். வெளிநாட்டில் பிள்ளை உள்ள பல வீடுகளில் இப்படித்தான். நானும் அதைப் பெருமையாக நினைத்திருந்தவள்தான்.

பிறகு இரண்டு வருடத்துக்குள் இரண்டு தரம் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. இரண்டாம் தரம் மத்தியானம் வந்த தண்ணீர் பொழுதுபடத்தான் வடிந்தது. என் கட்டில் மெத்தை நனைந்து ஊறியது. அவ்வளவு நேரமும் நான் மேல்படியில், ஆமைப்பூட்டுப் போட்ட கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் காய்ந்த மெத்தை. கதவை உடைக்க எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கம் கெட்ட புத்தி.

அடுத்த தை மாதம் மகனிடம் தொலைபேசியில் கேட்டேன். “தம்பி, அடுத்த மழைக்கு முந்தி நான் மேல போய் இருக்கட்டே? உலகம் சூடாகுதாம், இனி மழை இப்பிடித்தான் கொட்டுமாம், ரேடியோவில சொன்னவங்கள்.”

அவன் சிரித்தான். அடுத்த நாள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அவன் வீட்டு வாசலில் நெஞ்சளவு பனி. அதற்குள் நின்று கத்துகிறான்: “உலகம் சூடாகுது எண்டு சொல்லுறவையள இஞ்ச வரச்சொல்லுங்கோ, ஆளுக்கொரு பனி அள்ளுற சவள் தாறன்!” எல்லாரும் சிரிப்புப் படம் போட்டார்கள். லண்டனில் இருக்கும் என் தங்கை மகள், “பெரியம்மாவை ரேடியோக்காரர் விஞ்ஞானி ஆக்கிப்போட்டாங்கள்” என்று எழுதினாள்.

பனி என்றால் குளிர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மார்கழியில் வியர்வை வழிய வழிய யேசு பாலன் குடிலுக்குப் பஞ்சு ஒட்டிப் பனி செய்கிறவர்கள் நாங்கள். பனியைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்?

வெள்ளத்தில் என் பிரிட்ஜ் கதவின் றப்பரும் பழுதாகிவிட்டது. பங்குனியில் புழுக்கம் தொடங்கியதும் உள்ளே ஐஸ் மலைபோல் ஏறத் தொடங்கியது. பிரிட்ஜ் திருத்துகிற நானா ஒருவர், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், கொம்பனித்தெருவிலிருந்து வந்தார்.

“ஆன்ட்டி, கதவு சரியா மூடுறல்ல. வெளிக் காத்து உள்ளுக்குப் போற.”

“வெளிச்சூடு உள்ள போனா ஐஸ் உருகவெல்லோ வேணும் நானா? இது ஏறுது!”

“சூடு தனியப் போறல்ல ஆன்ட்டி. சூட்டுக் காத்துல ஈரம் கூடுதலா இரிக்கி. நீங்க இடியப்பம் அவிக்கிற ஆவியும் சேந்து போற. உள்ளுக்கு இன்னும் குளிர்தானே? போன ஈரமெல்லாம் ஐஸாகிப் படியும். தை மாசம் காத்து காஞ்சி இரிந்திச்சே, அப்ப இவ்வளவு ஏறினயா?”

ஏறவில்லை.

அவர் கழற்றிப் போட்ட ஐஸைச் சட்டியில் ஏந்திக்கொண்டு நின்றேன். கை விறைத்தது. அதே மகன்தான் முன்பு ஒருநாள் சொன்னான்: பக்கத்து ஏரி இப்போது முந்திமாதிரி உறைவதில்லை, பிள்ளைகள் சறுக்கி விளையாட வழியில்லை என்று. உறையாத ஏரியிலிருந்து ஈரம் எழும்பத்தானே செய்யும்? மேலே காற்று இன்னும் குளிர். அப்போது அது பனியாகக் கொட்டாமல் வேறு எப்படிக் கொட்டும்? சூடான கடலிலிருந்து எழும்புகிற ஈரம் இங்கே மழையாகக் கொட்டி என் மெத்தைக்கு வந்தது. அவன் வாசலில் குவிந்ததும் என் வீட்டுக்குள் வந்ததும் அண்ணன் தம்பி. ஒன்றைக் காட்டி மற்றதைப் பொய் என்கிறான்.

வாழ்க்கையில் முதல் தரமாகக் குரல் பதிந்து அனுப்பினேன். மூன்று தரம் அழித்துப் பதிந்தேன். பிரிட்ஜ் கதையை முழுக்கச் சொன்னேன்.

பதில் வந்தது. “அம்மா, பிரிட்ஜும் கனடாவும் ஒண்டே? மேல ஆள் இருந்தா சாமானெல்லாம் பழுதாப் போம். நாங்கள் வரேக்க எங்க தங்கிறது?”

அப்போதுதான் விளங்கியது. பனி ஒரு சாக்கு. நெஞ்சளவு பனிக்குள் நின்று அவன் பாதுகாத்தது ஒரு சோபாவை.

அடுத்த காலை பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனேன். கேளாமல் ஒரு வீட்டுக்கும் போகாதவள் நான். மருமகளின் அக்கா கதவைத் திறந்து திகைத்து நின்றாள்.

“சாவியைத் தா பிள்ளை.”

“ஐயோ மாமி, உங்கட மகனிட்டக் கேக்காமல் எப்பிடி? கேட்டா நான் என்ன சொல்லுறது?”

“மாமி வந்து பறிச்சுக்கொண்டு போட்டா எண்டு சொல்லு.”

“மாமியோ? பறிச்சவவோ? ஒருத்தரும் நம்பமாட்டினம்!” என்று சிரித்துவிட்டாள். சிரித்தபடியே உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தாள். தேத்தண்ணி குடிக்கச் சொன்னாள். நான் குடிக்கவில்லை.

பிரிட்ஜை நானாவும் இன்னொருவரும் மேலே ஏற்றினார்கள். யேசுவின் படத்தை நானே கொண்டு போனேன். மெத்தையின் பொலித்தீனைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். வெட்டும்போதும் கோபம் ஆறவில்லை.

வைகாசியில் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. கீழே கூடத்தில் தண்ணீர் ஏறி, நான் படுத்த இடத்தைத் தாண்டியது. மேல்படியில் நின்று அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒருவரும் சிரிப்புப் படம் போடவில்லை. மகன் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. எனக்கும் கதைக்க மனம் வரவில்லை.

கனடாவில் கொட்டுகிற எல்லாப் பனியும் இந்தச் சூட்டால்தான் என்று நான் சொல்லவில்லை. ஏரி, ஈரம், பனி பற்றி எழுதியது சரியோ என்று படித்தவர்கள் யாராவது ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்கள். மாதங்களும் மாறியிருக்கலாம், அதையும் பாருங்கள். பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். பூட்டிய கதவில் சாய்ந்திருந்ததை மட்டும் ஒருவரும் திருத்த வேண்டாம்.