ராஜபாயின் கடைசி வார்த்தை

ராஜபாய் அக்காள் செத்துப்போனாள் என்று கேள்விப்பட்டு, அவள் வீட்டுக்குக் கஞ்சிப் பானை சுமந்து போனவள் நான். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. சபைப் பெண்கள்தான் கஞ்சி கொண்டுபோக வேண்டும். தக்கலையிலிருந்து ஆற்றைத் தாண்டி, மழைச் சேற்றில், சூடு பானையோடு நடந்து பாருங்கள், அப்புறம் என்னைக் கோபக்காரி என்று சொல்லுங்கள்.

புருஷன் போனபிறகு மாடு வளர்த்து, பால் ஊற்றி, ஒரே மகள் நேசம்மாளை நாகர்கோவில் கல்லூரிவரை அனுப்பியவள் ராஜபாய். அது 1952. மகள் இன்டர்மீடியட் முடிக்கப் போகிறாள். இங்கிலீஷ் புத்தகம் என்றால் அவளுக்கு உயிர். மேலே பி.ஏ.யில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்க ஆசை. தாயோ, படித்தது போதும் என்று புதுக்கடை என்கிற ஊரில் மாப்பிள்ளை பேசிவிட்டாள். மகள் அழுதாள், பட்டினி கிடந்தாள், ஒன்றும் பலிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இங்கிலீஷ் வகுப்பில் சொந்தமாக ஒரு கதை எழுதச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் பனி கொட்டுகிற ஊரையும் குதிரை வண்டிப் பிரபுவையும் எழுதினார்கள். பனியை எவள் கண்டாள்? நேசம்மாள் தன் வீட்டையே எழுதினாள். ‘நான்’ என்று தொடங்கி, பலாமரம், ஒழுகுகிற ஓலைக்கூரை, காய்ச்சலில் அம்மா சாவது வரை. எழுதிக் கொடுத்த மறுநாள் அவளே காய்ச்சலில் படுத்துவிட்டாள். மதராஸிலிருந்து வந்திருந்த புது டீச்சரம்மா அதை வாசித்தார். பிள்ளையும் வகுப்புக்கு வரவில்லை. உண்மையென்றே நம்பி எங்கள் போதகர் ஐயருக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

போதகராவது யோசித்திருக்கலாம். ஆனால் எங்கள் சபையில் ஒருத்தி எழுந்து ‘நான்’ என்று சொன்னால் அது சாட்சி; சாட்சியில் பொய் வராது. அப்படியே பழகிய ஜனம் நாங்கள். ஆற்றில் வெள்ளம் என்று அந்த ஞாயிறு ராஜபாயும் கோயிலுக்கு வரவில்லை. வெள்ளம் வடிந்ததும் கிளம்பிவிட்டோம்.

முற்றத்தில் நின்று சாவு வீட்டுப் பாட்டைத் தொடங்கினோம். தொழுவத்திலிருந்து சாணிக் கையோடு ராஜபாய் வந்தாள்.

“ஆருக்கு வேண்டி பாடுதிய?”

போதகர் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், “பெத்த தாயைக் கொன்னு எழுதியிருக்கா. இவளுக்குப் படிப்பு ஒரு கேடா?” என்றேன்.

ராஜபாய் கையைக் கழுவினாள். “ஏட்டி நேசம், இஞ்ச வா. நான் எப்பிடிச் செத்தேன்? தமிழில சொல்லு.”

நேசம்மாள் போர்வையோடு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அம்மா ஒழுக்கு விழுகிற இடத்தில் தான் படுத்து, மகளைக் காய்ந்த பக்கம் தள்ளிவிட்டாளாம். அது கதையில்லை, வருஷா வருஷம் மழைக்கு நடப்பது. எனக்கும் இந்தச் சவம்பிடித்த கண் நிறைந்துவிட்டது.

“கடைசியா நான் என்னமும் சொன்னேனாட்டி?”

நேசம்மாள் தலை குனிந்தாள். “எனக்க மவள மேக்கொண்டு படிக்க விடுங்கோன்னு சொன்னிய.”

சாகிறவர்கள் சொன்ன கடைசி வார்த்தையை மீறுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ராஜபாய் மகளின் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள். பிறகு போதகரிடம் திரும்பினாள்.

“புதுக்கடைக்காரருக்கிட்ட சொல்லிருங்கோ ஐயரே, கல்யாணம் இப்பம் இல்ல. சாவும்ப சொன்ன சொல்ல நானே மாத்தினா கொள்ளாது.”

அப்புறம் என்னிடம் சொன்னாள்: “கஞ்சிய எறக்குட்டி. எனக்கு உள்ளதுதானே, நானும் கொஞ்சம் குடிக்கேன்.”