கொள்ளி வைக்க வந்தவனைக் காக்க வைத்தவள்

அம்மனை நம்பும் சொந்தங்களே, வன்மத்தால் நான் உயிர் பிழைத்த கதை இது. அதை மறைத்துச் சாட்சி சொன்னால் ஆத்தாளுக்கே பொறுக்காது.

ராசிங்காபுரத்தில் எனக்கும் என் சித்தப்பா மகன் செல்லத்துரைக்கும் ஒரே கிணறு, முறைத் தண்ணீர். இரண்டு கோடையாக என் முறை நாளிலும் அவனே மோட்டாரைப் போட்டுக்கொண்டான். என் தென்னங்கன்றுகள் கருகின. வயிறெரிந்து காளியம்மன் முன் நின்றேன். "ஆத்தா, அவன் நெஞ்சு வெடிக்கணும்" என்று தினமும் வேண்டினேன்.

வெடிக்கப் பார்த்தது என் நெஞ்சு. போன ஐப்பசியில் போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் மேடு ஏறும்போது நெஞ்சை அடைத்தது, இடது கை கடுத்தது. வாய்வு என்று நினைத்து சோடா குடித்தேன். அந்த மடத்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள். வேர்த்து ஊற்றியதும் ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள்.

கட்டிலருகே முதலில் வந்து நின்றவன் செல்லத்துரை. எனக்கு ஒரே மகள். ஆண்பிள்ளை இல்லாதவனுக்கு எங்கள் வழக்கப்படி பங்காளிதான் கொள்ளி வைக்க வேண்டும். "கவலப்படாதண்ணே, எல்லாத்துக்கும் நான் இருக்கேன்ல" என்றான். அந்த 'எல்லாத்துக்கும்' எதற்கென்று எனக்குத் தெரியாதா?

அவன் போனதும் அழுதேன். "ஆத்தா, அவன் கையால எனக்குத் தீ வேணாம். அவனுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டுறாத."

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "பீடிய அடியோட விடணும். கருவாடு, ஊறுகாய், பரோட்டாவ ஒதுக்குங்க. மாத்திரைய நிறுத்தாதீங்க. தினமும் நடங்க." ஆத்தாளே பேசியது போல இருந்தது எனக்கு. பீடிக்கு வாய் ஊறும்போதெல்லாம் அவன் கொள்ளிக்குடம் சுமந்து வருவதை நினைப்பேன். ஆசை செத்துவிடும். விடிந்ததும் வேண்டுமென்றே அவன் வாசல் வழியாகத்தான் நடந்தேன். பிரஷர் இறங்கியது, தொப்பையும் கரைந்தது.

போன வாரம் வாசலில் நின்றிருந்தவன், "அண்ணே, மாடி ஏறுனா இரைக்குது. நானும் கூட வரட்டா?" என்றான். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"மொதல்ல டாக்டர்கிட்ட வெரசாப் போய்க் காட்டு. அப்புறம் மோட்டார் ரூம் சாவியக் கொண்டா. நடக்குறதப் பத்திப் பேசுவோம்."

டாக்டரிடம் காட்டிவிட்டு, சாவியையும் கொண்டுவந்தான். இப்போது எனக்குப் பின்னால் நடக்கிறான்.

உங்களுக்கும் ஒரு எதிரி இருப்பான். அவனைப் பார்த்துக்கொள்ளும் சோலியை ஆத்தாளிடம் விட்டுவிட்டு, உப்பைக் குறைத்து நடங்கள். அவள் கைவிட மாட்டாள். நான் அவனை இன்னும் மன்னிக்கவில்லை. அதற்கு நிறைய ஆயுசு வேண்டும். அதையும் அவளிடமே கேட்டிருக்கிறேன்.