பிணம் அரையிறுதிக்குப் போன மதியம்

பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருப்பவளை அங்கே எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேசையில் ஒரு மைக், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, படித்து முடித்த சீட்டுகளைக் குத்திவைக்க ஒரு கம்பி. சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே படிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரே ஒருமுறை, இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த வண்டியை "ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது" என்று அறிவித்துவிட்டாள். நிலையமே சிரித்தது. மேலாளர் மட்டும் சிரிக்காமல் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். அன்றிலிருந்து அங்கே வாலைச் சுருட்டிக்கொண்டாள்.

வாலை அவிழ்த்துவிடுவதற்கென்று ஞாயிறு மதியம் இருந்தது. அன்று அவள் வீட்டில் படம் பார்க்கிற நாள். பார்ப்பவர்கள் இரண்டே பேர், அவளும் அவள் புருஷனும்.

புருஷன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். பன்னிரண்டாவது மாடியில் நின்றுபோன பெட்டியைக் கீழே நின்று சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறென்று சொல்லிவிடுவார். எண்கள் தெரியும், கம்பிகளின் நிறம் தெரியும். எழுத்து மட்டும் தெரியாது. கல்யாணமான ஒன்பதாம் நாள் இருமல் மருந்துப் புட்டியை அவளிடம் நீட்டி, "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார். கொட்டை எழுத்தில் அதில் அச்சடித்திருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"யாருக்கும் சொல்லிடாதம்மா."

சொல்லவில்லை. அவளைப் பெற்ற தாய்க்கே சாகும்வரை தெரியாது. நாலு பேர் மத்தியில் யாராவது அவரிடம் காகிதத்தை நீட்டினால் சமாளிக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கினாள், அவர் எப்போதும் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருவதற்காகவே. "மறுபடியும் கண்ணாடிய மறந்துட்டீங்களா? குடுங்க, நான் படிக்கிறேன்" என்று அவள் அலுத்துக்கொள்வாள், அவர் அசடு வழிவார். பத்தொன்பது வருடத்தில் அந்த நாடகம் ஒருமுறைகூடச் சொதப்பியதில்லை.

வெளிநாட்டுப் படங்களும் அப்படித்தான் ஆரம்பித்தன. திரைக்கு அடியில் நம் எழுத்தில் வசனம் ஓடும், அவள் அதைப் படித்துச் சொல்வாள். முதலில் காதோரம் முணுமுணுத்தாள். பிறகு திருடனுக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல் என்று வந்துவிட்டது. அதற்கும் பிறகு, உப்புச் சப்பில்லாத வசனம் வந்தால் சொந்தச் சரக்கைச் சேர்த்தாள். யார் விளக்கம் கேட்கப் போகிறார்கள்? அவள் வரியை முடிப்பாள், ஒரு மூச்சு விடுகிற நேரம் அமைதி, பிறகு அவர் சோபா குலுங்கச் சிரிப்பார். வாரம் முழுக்க வண்டி எண்களைப் படித்துக் காய்ந்துபோகிறவளுக்கு அந்த ஒரு மூச்சு போதும். அதை நம்பித்தான் திங்கட்கிழமை எழுந்து வேலைக்குப் போனாள் என்றால் மிகையில்லை.

அந்த ஞாயிறு கிடைத்தது ஒரு ஜப்பானியப் படம். துப்பறியும் படம் என்று நினைத்துத்தான் போட்டார்கள். ஒரு குண்டன், ஒரு ஒல்லி என்று கூலிக் கொலைகாரர்கள் இருவர் ஒரு தாதாவைத் தீர்த்துக்கட்டுகிறார்கள். பிணத்தை மறைக்கச் சந்து சந்தாக இழுத்துக்கொண்டு ஓடி, போலீஸுக்குப் பயந்து ஒரு வரிசையில் நிற்கிறார்கள். அது பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கிற வரிசை. பிணத்தின் சட்டையில் எண்ணைக் குத்தி மேடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பின்னால் ஒளிந்துகொண்டு குண்டன் பாடுகிறான், ஒல்லி பிணத்தின் கையை ஆட்டுகிறான். பிணம் அரையிறுதிக்குத் தேர்வாகிவிடுகிறது!

அதோடு விட்டார்களா? தாதாவின் ஆவி வந்து, தான் செத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், பாட்டுத் தேர்வு சரியில்லை என்று சண்டை பிடிக்கிறது. பத்து நிமிடம் பேய்ப் படம். அப்புறம் திடீரென்று எல்லோரும் வாள் சண்டை. கொலைகாரனுக்குப் பக்கத்தில் வந்தாலே தும்முகிற இன்ஸ்பெக்டர் ஒருவர், ஊர் முழுக்க முகர்ந்துகொண்டே திரிகிறார். மைக்கக்காவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆவிக்கு மூக்கால் ஒரு குரல் கொடுத்தாள், இன்ஸ்பெக்டருக்கு மேலாளரின் குரலையே கொடுத்தாள்.

"நெசமாவே இப்படித்தான் எழுதியிருக்கா, நீ கதை விடுறியா?" என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இதுல நான் வேற விடணுமா? அவங்களே விட்டு வெச்சிருக்காங்க."

அரையிறுதி வந்தது. மேடையில் பிணம். நடுவராக வெள்ளை முடி அம்மாள் ஒருத்தி, சிரிப்பென்றால் என்னவென்று தெரியாத முகம், வாயைத் திறந்தாள். வரி அடியில் ஓடியது. மைக்கக்கா அப்போதுதான் ஒரு வாய் டீயை வாயில் வைத்திருந்தாள். விழுங்கிவிட்டுப் படிக்கலாம் என்று கையைக் காட்டினாள்.

அதற்குள் அவர் சிரித்துவிட்டார்.

டீ தொண்டையிலேயே நின்றது. திரையில் சிரிக்க ஒன்றுமில்லை, அந்த அம்மாளின் உர்ரென்ற முகம் மட்டும்தான். சிரிப்பு முழுக்க அந்த வரியில் இருந்தது. மைக்கக்கா இன்னும் வாயே திறக்கவில்லை. ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

"இந்தப் படத்த ஏற்கெனவே யாரோட பாத்தீங்க?"

"யாரோடயும் இல்லயே."

"படிச்சுச் சொன்னது யாரு? யாருகிட்டப் போய்ச் சொன்னீங்க உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு?"

அவள் மனதில் யார் யாரோ வந்துபோனார்கள். லிஃப்ட் கம்பெனியில் ரசீது போடுகிற பெண், மூன்றாம் வீட்டு நர்ஸ். எவளோ ஒருத்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆவிக்குக் குரல் கொடுத்திருக்கிறாள்!

அவர் திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஆனால் எங்கும் தடுக்காமல் படித்தார். "இவ்வளவு புகழுக்குப் பிறகும் மூச்சுக்கூட விடாத இந்த அடக்கம், இந்தக் காலத்துப் பாடகர்களிடம் இல்லை."

அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியபோது கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எப்பத்துலேர்ந்து?"

"பதினாலு மாசம் ஆச்சு. கம்பெனியில வேலை முடிஞ்சா போன்ல எழுதி அனுப்பணும்னு மாத்திட்டாங்க. வேற வழி தெரியல."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"உன் தம்பி."

தம்பி நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறான். சாயங்காலம் கடைக்குப் பின்னால், வீணான காகிதத்தின் மறுபக்கத்தில் எழுதிப் பழகினாராம். அவளிடம் அதையெல்லாம் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தார். அவள் தம்பியைத்தான் நினைத்தாள். மாதம் ஒருமுறை ஹோட்டலில் சேர்ந்து சாப்பிடுவார்கள். போன மாதம்கூட அவன் எதிரில், "உங்க மாமா கண்ணாடிய மறந்துட்டார்டா, நானே படிக்கிறேன்" என்று மெனு அட்டையை வாங்கினாள். அவன் தலையாட்டினான். இவர் அசடு வழிந்தார். இரண்டு பேரும் எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு, அவளைத் தனியாக நடிக்க விட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். யாருக்காகப் பெற்ற தாயிடம் பொய் சொன்னாளோ அவரே அவள் காதில் பூச்சுற்றியிருக்கிறார்.

"பதினாலு மாசமா நான் படிக்கிறத வேற உக்காந்து கேட்டீங்களே. நான் மாத்திச் சொல்றதும் தெரியும்?"

"தெரியும்."

"அப்ப அதுக்கெல்லாம் சிரிச்சது?"

எல்லாமே நெசச் சிரிப்புதான் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். யோசித்தார். "பாதிக்கு நெசமாவே சிரிப்பு வந்துச்சு."

பாதி! மீதிப் பாதி பிச்சை போட்டது. எது எந்தப் பாதி என்று இனி அவளால் பிரிக்க முடியாது.

"என்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லிக் குடுத்திருக்க மாட்டேனா?" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "பத்தொம்பது வருஷத்துல ஒரு நாளாவது, வாங்க சொல்லித் தரேன்னு நீ சொன்னியாம்மா? நான் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

சொன்னதில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடி வாங்கித் தரத் தோன்றியது, ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கித் தரத் தோன்றவில்லை. அவர் படித்துவிட்டால் பக்கத்தில் அவள் எதற்கு? அதை அவரும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார், இத்தனை நாளும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"படிக்கட்டுமா, நீ படிக்கிறியா?" என்று கேட்டார் அவர்.

"அவங்கவங்க படிச்சுக்கலாம்."

படம் மறுபடி ஓடியது. வீடு அமைதியாக இருந்தது, ஜப்பானியர்கள் மட்டும் கத்திக்கொண்டிருந்தார்கள். பிணத்துக்குப் பரிசு கொடுக்க மேடை ஏறிய இன்ஸ்பெக்டர், மாலையோடு நெருங்கியதும் தும்ம ஆரம்பித்தார். ஒரு தும்மலில் பிணம் சரிந்து அவர் தோளில் விழுந்தது. அவர் அதைக் கட்டியணைத்து ஏதோ சொன்னார். வரி அடியில் ஓடியது: "அழாதீர்கள், வென்றவர்கள் எல்லோரும் முதலில் இப்படித்தான் தளர்ந்துபோவார்கள்."

இருவருக்கும் அடக்க முடியவில்லை. ஒரே நொடியில் சேர்ந்து சிரித்தார்கள். நடுவே அந்த ஒரு மூச்சு இல்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது, அவர் அதையும் சிரிப்பென்றே நினைத்துக்கொண்டார்.