மெரெரிட்டின் பீர்க்கடையும் தாவிய ஓடையும்

எங்கள் ஊர் பான்ட்ரெதினில் ஆறு வீடு, ஒரு ஜெபவீடு, ஒரு பீர்க்கடை. மாடு ஓட்டிப் போனவர்கள் ஓடையைக் கடக்குமுன் இளைப்பாறிய இடத்தில் எழுந்தது கடை. ஜெபவீடு அதற்கு நூறு வருஷம் இளையது. இதைச் சொன்னால் ஜெபவீட்டு மூப்பர் இத்தெலின் முகம் சிவந்துவிடும். அதற்காகவே அடிக்கடி சொல்வேன்.

கடைக்காரி மெரெரிட், அப்பா போன பிறகு தனியாளாகப் பீப்பாய் உருட்டுகிறவள். ஓடைதான் மாவட்ட எல்லை. ஞாயிறன்று யாரும் குடிக்கக் கூடாதென்று ஓட்டுப் போட்ட மாவட்டம் மேற்கே. அந்தத் தடை இல்லாத கிழக்குக் கரையில் இவள் கடை. அவள் பிழைப்பே அக்கரைக்காரர்கள் குடிக்க வரும் அந்த ஒரு நாளில்தான்.

அந்தத் தை மாதம் வெள்ளம் வந்து, ஓடை கடைக்குக் கிழக்கே, பின்புறமாகத் தாவிவிட்டது. மறுநாளே மேற்கிலிருந்து சைக்கிளில் போலீஸ்காரர் வந்தார்.

"இப்ப உங்க கடை எங்க மாவட்டம்மா. ஞாயித்துக்கிழமை தொறக்கக் கூடாது."

"தடம் மாறிப் போனது ஓடை, தண்டனை எனக்கா?"

இரண்டு ஞாயிறு கடை மூடிக் கிடந்தது. விற்றுவிட்டுத் தங்கை வீட்டுக்கே போகிறேன் என்றாள். எங்கள் ஜெபவீட்டுப் பாடகர் குழுவில் உச்சத்தில் பாடும் மேல்குரல்காரர்கள் நாலு பேரும் குடிக்கப் பக்கத்து ஊர்க் கடைக்குப் போனார்கள். அந்த ஊர்ப் பாடகர் குழு அவர்களை அப்படியே வளைத்துக்கொண்டது. பாட்டுப் போட்டிக்கு மூன்றே வாரம். குழுவை நடத்துகிறவர், இருபது வருஷமாக மெரெரிட்டின் கடையைச் சபித்த அதே இத்தெல்.

திங்கள் காலை, முழங்கால் தண்ணீரில் மண்வெட்டியோடு நின்றார் இத்தெல். மெரெரிட் வெளியே ஓடி வந்தாள்.

"என்ன மூப்பரே, கால் வழுக்கிடுச்சா?"

"வாயை மூடிக்கிட்டு மம்பட்டிய எடு. ஓடைய பழைய தடத்துக்கே திருப்பணும்."

"சாத்தானோட கடைன்னீங்களே?"

"சாத்தான் கடைதான். ஆனா எம் பாட்டுக்காரங்க அங்கதானே உக்காருவானுங்க!"

மத்தியானத்துக்குள் ஊரே தண்ணீரில் இறங்கியது. கல்லும் புல்லோடு வெட்டிய மண்கட்டியும் அடுக்கி, சாயங்காலம் ஓடையைப் பழைய வழிக்கே தள்ளினோம். போலீஸ்காரர் வந்து பார்த்தார். எங்கள் சேற்றுக் கால்களையும் பார்த்தார்.

"ஓடை எங்க ஓடுதோ அதான் எல்லை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

அடுத்த ஞாயிறு மாலை நாங்கள் கடையில் உட்கார்ந்திருந்தோம், திரும்பி வந்த மேல்குரல்கள் நாலும் சேர்த்து. அக்கரை ஜெபவீட்டில் இத்தெலின் பிரசங்கம் என்றைக்கும் இல்லாத உக்கிரத்தில் கடையைச் சாடியது. மெரெரிட் ஜன்னலை அகலத் திறந்தாள். கண்ணில் நீர்.

"என்னம்மா, ரொம்ப வலிக்குதா?" என்றேன்.

"ரெண்டு வாரமா கடை மூடிக் கிடந்தப்ப, என்னைத் திட்டக்கூட ஆளில்லை. பேசாம கேளுங்க" என்றாள்.