பஸ்ஸுக்கும் பாடு வைத்த ஊர்

மீன்கூடையிலிருந்து சொட்டும் தண்ணீர் காலில் பட்டால் முதலில் ஜில்லென்று இருக்கும். அப்புறம் வெயில் ஏற ஏற பிசுபிசுக்கும். நான் எட்டாவது படித்தபோது பழவேற்காடு பஸ் ஸ்டாப் என்றால் எனக்கு அந்தப் பிசுபிசுப்புதான்.

பக்கத்திலேயே டச்சுக் கல்லறை. அதன் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். அம்மாவும் மற்ற மீன்காரப் பெண்களும் அந்த நிழலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பொன்னேரி பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். குப்பத்திலிருந்து ஏரிப் பாலத்தைத் தாண்டி, தலையில் கூடையோடு நடந்தே வந்திருப்பார்கள்...

பஸ் பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வந்ததே இல்லை.

அந்த வருஷம்தான் செல்வி அக்கா பத்தாவது பாஸானாள். நர்ஸாக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கான குரூப் பொன்னேரியில் இருந்தது. நைனா மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படிக்க வேணாம்னு சொல்லல. இருட்டோட இருட்டா பாலத்து மேல ஒண்டியா நடந்து போவியா நீ? பஸ்ஸு நம்ம குப்பத்துக்கு வரட்டும். அன்னிக்கே இட்டுக்கினு போய் சேத்துடறேன்."

அக்கா அழவில்லை. மார்க் ஷீட்டை என் புத்தகப் பையில் வைத்துவிட்டாள்.

அடுத்த நாளே ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு பாலத்தின் முனையில் உட்கார்ந்தேன். காலையில் யார் யார் நடந்து போகிறார்கள், எங்கே, எதற்கு? ஒரு வாரம் எழுதினேன். மீன் விற்க, ஆஸ்பத்திரிக்கு, ரேஷன் கார்டு திருத்த, காட்டுப்பள்ளி துறைமுக வேலைக்கு... கிராம சபையில் அதை எழுந்து நின்று வாசித்தேன். பஞ்சாயத்து கிளார்க், "இத நீயா எழுதின?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, பஸ் கேட்ட தீர்மானத்தோடு அப்படியே சேர்த்து டெப்போவுக்கு அனுப்பினார்.

மே மாதக் கடைசியில் பதில் வந்தது. தினமும் காலையில் ஒரு ட்ரிப் குப்பம் வரை வரும். ஒரு மாதம் பார்ப்பார்கள். ஆள் ஏறாவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

அன்று சாயங்காலமே ஊர்க் கூட்டம். பஸ் ஒரு நாளும் காலியாகப் போகக் கூடாது. அதற்கு என்ன வழி?

எங்கள் ஏரியில் எல்லோரும் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. முறை உண்டு. அதற்குப் பெயர் பாடு. இன்றைக்கு யார் பாடோ அவர்கள்தான் அந்த இடத்தில் இறங்கலாம். அடுத்தவர் பாட்டில் வலை போடுவதைப் போல அவமானம் எங்கள் ஊரில் வேறில்லை.

ஊர்த் தலைவர் ஏழுமலை மாமா சொன்னார், "ஏரிக்கு வச்சா மாதிரி பஸ்ஸுக்கும் பாடு வச்சிடலாம்பா. நாளுக்கு அஞ்சு வூடு. வேல கீதோ இல்லியோ, ஏறித்தான் ஆவணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். பட்டியலை என் கையெழுத்தில்தான் எழுதினேன். வலை பின்னும் கொட்டகையில் ஒட்டினார்கள். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

முதல் நாள் பஸ்ஸுக்கு மாலை போட்டோம். ஐந்து வீட்டிலிருந்து ஐந்து பேர் ஏறினார்கள். இரண்டாம் நாளும் ஐந்து பேர். மூன்றாம் நாளும்...

கூடையோடு அம்மா பஸ்ஸை வழியனுப்பிவிட்டுப் பாலத்தில் நடந்தாள்!

"யம்மா, ஏன் ஏறல?"

"இன்னிக்கு நம்ம பாடு இல்லியே. அடுத்தவங்க பாட்டுல போய் குந்திக்கினா நாலு பேரு இன்னா சொல்லுவாங்கோ?"

ஆறாம் நாள் கண்டக்டர் என்னைக் கூப்பிட்டார். "இன்னாமா இது, ஊரே நின்னு வேடிக்க பாக்குது, அஞ்சு பேருக்கு மேல ஒருத்தரும் ஏற மாட்றாங்கோ? வாரா வாரம் ரிப்போர்ட் கேட்டுருக்காங்கோ. இந்த அஞ்சு டிக்கெட்டயே காட்டினா ட்ரிப் கட்டுதான்."

நான் அழகாக எழுதிய பட்டியல்தான் அக்காவின் பஸ்ஸை நிறுத்தப் போகிறது.

அன்று சாயங்காலம் ஊர்க் கூட்டம் நடந்த கொட்டகைக்குப் போனேன். கிராம சபையில் யாரும் பேசலாம்; ஊர்க் கூட்டத்தில் பெண் பிள்ளைகள் பேசும் வழக்கமில்லை. நைனா கண்ணாலேயே "போ" என்றார். நான் போகவில்லை.

"மாமா, ஏரில நீங்க வல போட்டா எங்க நைனாக்கு மீனு கம்மியாவும். அதுக்கு பாடு வேணும். பஸ்ல நீங்க ஏறினா எங்களுக்கு இன்னா கம்மியாவுது? எல்லாரும் ஏறினாத்தான் பஸ்ஸே வரும்."

வலை பின்னும் ஊசிகள் நின்றுவிட்டன.

"அப்ப பாட்ட மீறினா தப்பில்லன்றியா?" என்றார் ஏழுமலை மாமா.

"பாடு இருக்கறவங்க கண்டிப்பா ஏறணும். இல்லாதவங்க இஷ்டப்பட்டா ஏறலாம்."

மாமா நைனாவைப் பார்த்தார். "இன்னாபா, உன் பொண்ணு நமக்கே பாடு சொல்லிக் குடுக்குது!"

கொட்டகையே சிரித்தது. நைனா சிரிக்கவில்லை. மேல்சட்டையில் இருந்த பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "சொன்னத அந்தப் பட்டியல்லயே எழுது. பெருசா எழுது."

மறுநாள் காலை முதலில் ஏறியது அம்மா. பின்னால் ஒரே கூடை வரிசை. "கூடைய பின்னாடி தள்ளு! எம்மா, என் கால்மேல வைக்காத!" என்று கண்டக்டர் கத்தியது எனக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது.

ஜூன் மாதம் அதே பஸ்ஸில் நைனா அக்காவைச் சேர்க்கக் கூட்டிப் போனார். அன்று எங்கள் வீட்டுப் பாடு இல்லை.

இப்போது அக்கா நர்சிங் இரண்டாம் வருஷம். நான் ப்ளஸ் டூ. அதே பஸ்ஸில்தான் பொன்னேரிக்குப் போகிறேன். அன்று ஐந்து பேரோடு போன பஸ்ஸில் இன்று கால் வைக்க இடமில்லை. கல்லறை ஸ்டாப் வரும்போது ஜன்னல் வழியாக அந்த எலும்புக்கூடுகளைப் பார்ப்பேன். அந்த நிழலில் எங்கள் குப்பத்துக் கூடைகள் இப்போது இல்லை. எல்லாம் பஸ்ஸுக்குள், என் காலடியில், சொட்டிக்கொண்டு...

போன வாரக் கூட்டத்தில் ஏழுமலை மாமா புதிதாக ஒன்று சொல்லியிருக்கிறார். சீட்டுக்குத் தினமும் சண்டை வருகிறதாம். அதனால் உட்காருவதற்குப் பாடு வைக்க வேண்டுமாம்.

பட்டியல் எழுத என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.