புரட்டிப் பார்க்கிற சந்தானம்

பஸ்ஸில் முன்னால் எத்தனை இடம் காலியாக இருந்தாலும் சந்தானம் கடைசி வரிசைக்குத்தான் போவார். அதில் இரண்டு லாபம். பின்னாலிருந்து யாரும் அவர் தலையைப் பார்க்க முடியாது. மற்றவர்கள் தலையை எல்லாம் அவர் பார்க்கலாம். மல்லேசுவரத்தில் ஏறி மெஜஸ்டிக்கில் இறங்குவதற்குள், எந்த உச்சியில் இன்னும் எத்தனை வருஷம் முடி தாங்கும் என்று மதிப்புப் போட்டுவிடுவார். கண்டக்டருக்கு மூன்று வருஷம் கொடுத்திருக்கிறார், பாவம்.

சந்தானத்துக்கு வயது முப்பத்துமூன்று. தலைக்கு மட்டும் ஐம்பது. பின்பக்கம் காதுக்குக் காது வேலி போட்டாற்போல் அடர்த்தி. முன்னே வெறும் மைதானம். அந்த மைதானத்தின்மேல், மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்த அப்பாவின் கறுப்புத் தொப்பி. சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை.

வேலை ஓர் இயந்திரத் தொழிற்சாலையில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில். வருகிற ஒவ்வொரு உருப்படியையும் பார்த்து, சரியாக இருந்தால் பின்பக்கம் தேதி போட்டுத் தன் சுருக்கக் கையெழுத்தையும் போடவேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்த எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவருக்கு நிறையவே உண்டு. தொழிற்சாலைப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. கத்தரிக்காயின் காம்படி, சட்டைத் துணியின் உள்பக்கம், கல்யாணப் பத்திரிகையின் முதுகு, எதையும் விடமாட்டார். கேட்டால், “ஒரு தரம் பொரட்டிப் பாத்துட்டா என்ன நஷ்டம்?” என்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒன்றை மட்டும் புரட்டாமல் விட்டுவிட்டார். அவருடைய அக்கா ருக்கு, மைசூரிலிருந்த ஒரு குடும்பத்துக்கு ஜாதகத்தோடு தம்பியின் போட்டோவையும் அனுப்பினாள். அது எட்டு வருஷத்துக்கு முந்திய போட்டோ. சுருள் சுருளாக, நெற்றியில் விழுகிற முடி. எந்தப் போட்டோ போகிறது என்று சந்தானத்துக்குத் தெரியும். தெரிந்தும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பெண்ணின் பெயர் ஜெயலக்ஷ்மி, ஹைஸ்கூல் டீச்சர். பையனைப் பிடித்திருக்கிறது, தை பிறந்ததும் வந்து பெண் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அப்போது புரட்டாசி. நாலு மாதத்துக்குள் தலை அந்தப் போட்டோவை எட்டிப் பிடித்தாக வேண்டும்.

அன்றிலிருந்து சாயங்காலங்களில் வைத்தியர்களை இன்ஸ்பெக்ட் செய்யக் கிளம்பினார். சிவாஜி நகர் தைலக்காரரைக் கழித்தார்; அவர் எதைக் கேட்டாலும் “ஆகும்” என்றார். மெஜஸ்டிக்கில் மின்சாரச் சீப்பு வைத்திருந்தவரையும் கழித்தார். அந்தச் சீப்பைப் புரட்டினால் உள்ளே டார்ச் பாட்டரி. கடைசியில் கன்டோன்மென்டில் டாக்டர் ஸ்ரீகண்டன் அகப்பட்டார். வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்தாராம். பின்னந்தலையிலிருந்து முடியைத் தோலோடு சின்னச் சின்ன வட்டமாக எடுத்து, நாற்று நடுவதுபோல் முன்னே நடுகிற ஆபரேஷன்.

சந்தானம் பதினைந்து கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போனார். கத்தியை யார் கொதிக்கவைக்கிறார்கள், நட்டது பிடிக்காவிட்டால் என்ன, தழும்பு எவ்வளவு பெரிது என்று வரிசையாகக் கேட்டார். டாக்டர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். கத்திகள் கொதிப்பதை நேரிலேயே காட்டினார். சர்க்கரை வியாதி உண்டா என்று அவராகவே விசாரித்தார். சந்தானம் மனசுக்குள் பாதி பாஸ் பண்ணிவிட்டார். கடைசிக் கேள்வி, ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரைப் பார்க்கலாமா என்பது. அதெல்லாம் அவர்கள் விரும்பமாட்டார்கள் என்று சொல்லி, டாக்டர் மேஜை டிராயரிலிருந்து இரண்டு போட்டோக்களை எடுத்து வைத்தார். ஒரே ஆசாமி. ‘முன்’ என்று எழுதியதில் வழுக்கை, ‘பின்’ என்று எழுதியதில் கிராப்பு.

சந்தானம் நெடுநேரம் பார்த்தார். மனசு அந்தக் கிராப்பைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு மைசூருக்கே போய்விட்டது. கை மட்டும் தன் வழக்கத்தை விடவில்லை. இரண்டையும் புரட்டியது.

இரண்டிலும் ஒரே ஸ்டூடியோவின் முத்திரை. அதன் கீழே பென்சிலில் நெகடிவ் நம்பர். கிராப்புத் தலைக்கு 2114. வழுக்கைக்கு 6870. எந்த ஸ்டூடியோவிலும் நம்பர் ஏறிக்கொண்டுதான் போகும். அப்படியானால் முடியோடு எடுத்ததுதான் பழைய போட்டோ.

“மொதல்ல எடுத்தது இது இல்லையோ, டாக்டர்?” என்று கிராப்புத் தலையைத் தொட்டுக் கேட்டார்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ஆபரேஷன் நிஜம் சார். போட்டோ சும்மா ஒரு நம்பிக்கைக்கு. பழசைக் காட்டறது எல்லாரும் செய்யறதுதானே?” என்றார்.

சூடாகக் கேட்க நாலு வார்த்தை சந்தானத்தின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மைசூரில் ஒரு வீட்டில் ஜெயலக்ஷ்மி கையில் இருக்கும் போட்டோவும் அப்படிப்பட்டதுதானே. அதை நினைத்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. போட்டோக்களை வைத்துவிட்டு, நோட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

புதுப் போட்டோ எடுத்து மைசூருக்கு அனுப்பப்போவதாக வீட்டில் சொன்னதும் ருக்கு தலையில் கை வைத்துக்கொண்டாள். “புதுசா போட்டோ அனுப்பிச்சா வேண்டாம்னுடுவாடா.”

“வேண்டாம்னா இப்பவே சொல்லட்டும், அக்கா. நாம அவா ஆத்துக்குப் போனப்பறம், காப்பியைக் குடுத்துட்டுச் சொல்ல வேண்டாம்.”

மறுநாள் ஸ்டூடியோவில், வழக்கம்போல் பவுடரையும் சீப்பையும் நீட்டிய போட்டோக்காரர், தொப்பியைக் கழற்றிய தலையைப் பார்த்துச் சீப்பைப் பின்னுக்கு இழுத்தார். சந்தானம் அதைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்து வேலியை நன்றாகச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். தொப்பி மடியில் இருந்தது.

மூன்றாம் நாள் பிரதி வந்தது. மேஜை விளக்கடியில் வைத்து, ஓர் உருப்படியைப் பார்ப்பதுபோல் மூலைக்கு மூலை பார்த்தார். பிறகு அதைப் புரட்டி, பேனாவைத் திறந்து, முதுகில் அன்றைய தேதியைப் போட்டார். அதன் கீழே தன் சுருக்கக் கையெழுத்தையும் போட்டு, மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.